மல்வேயின் உயரப் பந்து

ஜூன் மாதத்திலிருந்து பார்னி மல்வேயின் பந்து என் கையை வலிக்கச் செய்யவில்லை.

பேஸ்பாலில் அவன் பிட்சர். நான் அவனுடைய கேட்சர். மட்டைக்காரனுக்கு எதிரே நின்று அவன் எறிவான். மட்டைக்காரனுக்குப் பின்னால் நின்று நான் பிடிப்பேன். பந்துக்கும் என் கைக்கும் நடுவே விரல் நுனி வெட்டிய மெல்லிய தோலுறை மட்டும்தான். நல்ல பிட்சருக்குப் பிடிப்பவனால் ஆட்டம் முடிந்ததும் கோட்டுப் பொத்தானைப் போட முடியாது. உள்ளங்கை ரொட்டி மாவைப் போல உப்பியிருக்கும். மூன்று வருடங்களாக என் பொத்தான்களை என் மனைவி நெல்தான் போட்டுவிட்டாள். ஜூனுக்குப் பிறகு நானே போட்டுக்கொண்டேன். அவள் அதைக் கவனித்தாள். எதுவும் கேட்கவில்லை. பார்னி அவளுடைய தம்பி.

பார்னியால் ஓர் இடத்தில் இருக்க முடியாது. சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடுவான். ரயிலில் பெட்டிக்குப் பெட்டி நடப்பான். ஓர் ஊரின் சவரக் கடையில் அவன் பெயரைச் சொல்லி விசாரிக்க ஆரம்பித்தால் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவான். பிட்சரையும் கேட்சரையும் ஜோடியாகத்தான் எடுப்பார்கள் என்பதால் அவன் கிளம்பினால் நானும் கிளம்ப வேண்டும். நான் கிளம்பினால் நெல் பாத்திரங்களை வைக்கோலில் சுற்ற வேண்டும். சேன்ஸ்வில், ஃபோர்ட் வேன், பியோரியா என்று போய், ஒஹாயோ ஆற்றங்கரையில் டன்ஹாம் என்ற கண்ணாடித் தொழிற்சாலை ஊரில் வந்து நின்றோம்.

பியோரியாவில்தான் அது நடந்தது. குளிர்ந்த மழையில் ஆட்டம் முடியாமல் நீண்டுகொண்டே போனது. அதற்கு மறுநாளும் அவனே எறிந்தான், அதற்கு மறுநாளும். பிறகு அவன் தோளில் தேய்க்கக் குதிரைத் தைலம் வாங்க ஆரம்பித்தான். "வாதம்" என்றான். டன்ஹாமுக்கு வந்த பிறகு கையைத் தோளுக்கு மேலே தூக்கி எறிவதை விட்டுவிட்டான். பக்கவாட்டில் சுழற்றி எறிந்தான். முழங்கால் உயரத்துக்கு வரும் தாழ்ந்த பந்து இன்னும் நன்றாகத்தான் இருந்தது. கடைசி நொடியில் அது சறுக்கி இறங்கும். டன்ஹாம்காரர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆகஸ்டில் பெரிய லீக் அணி ஒன்று மேற்கே போகும் வழியில் எங்களோடு ஒரு நாள் ஆட ஒப்புக்கொண்டது. அதன் மேனேஜர் கில்லிஸுக்குப் புதிதாக ஒரு ஜோடி தேவைப்பட்டது. எங்கள் மேனேஜர் ப்ரூவிட் ஓடிவந்து சொன்னார்.

"உன்னைப் பாக்கத்தான் இறங்கறார், மல்வே. வேற எதுக்கு இந்த ஊர்ல இறங்குவார்? கண்ணாடி பாட்டில் வாங்கவா?"

அன்று பார்னி எங்கள் தெருவை எத்தனை முறை சுற்றினான் என்று தெரியாது. பதினொரு வயதில் கண்ணாடிச் சூளையில் வேலைக்குச் சேர்ந்தவன். பந்துதான் அவனை அங்கிருந்து வெளியே கொண்டுவந்தது. இனி சூளையும் அவனை எடுக்காது. அங்கே கையைத் தூக்காமல் ஒரு வேலையும் இல்லை.

ஆட்டத்தன்று காலை அவன் எங்கள் சமையலறைக்கு வந்தான்.

"அக்கா, மச்சானோட சவரக்கத்தி தீட்டற வாரை எடு."

"எதுக்குடா?"

"மச்சான் கையைப் பழுக்க வைக்கணும்."

நெல் என்னைப் பார்த்தாள். நான் காப்பியைக் கீழே வைத்தேன்.

"அந்த கில்லிஸ் எறியறவனைப் பாக்க மாட்டானாம்" என்றான் பார்னி, மேசையைச் சுற்றி நடந்துகொண்டே. "நேரா கேட்சர்கிட்ட போய்க் கையைப் பாப்பானாம். மச்சான் கையைப் பாரு. பாதிரியார் கை மாதிரி இருக்கு."

"சரி, நீயே அடி" என்றேன்.

"என்னால வாரை ஓங்க முடியாது."

அவன் நடப்பதை நிறுத்தினான். பிறகு நெல் ஆணியிலிருந்து வாரை எடுத்தாள்.

"கையை நீட்டுங்க" என்றாள்.

"மெதுவா, நெல்."

"மெதுவா அடிச்சா எப்படிங்க சிவக்கும்?" முதல் அடி விழுந்தது. "இது சேன்ஸ்வில்லுக்கு. என் நீலத் தட்டு ரெண்டும் அங்க உடைஞ்சுது."

"அக்கா, அது நான் உடைக்கல."

"இது ஃபோர்ட் வேனுக்கு. அங்க நல்ல அடுப்பு இருந்துச்சு."

"அடியே, கை அவனோடது இல்ல, என்னோடது" என்றேன்.

"தெரியும். நீங்கதானே அவன் கூப்பிட்டதும் கிளம்பினீங்க." அடுத்த அடி. "இது பியோரியாவுக்கு."

பியோரியாவுக்குக் கொஞ்சம் அதிகமாகவே விழுந்தது. முடித்துவிட்டு வாரை ஆணியில் மாட்டினாள். பிறகு தம்பியின் கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டாள். அவன் கை அந்த உயரத்துக்குப் போகவில்லை. இத்தனை நாளும் அதை யார் போட்டார்கள் என்று அவள் கேட்கவில்லை.

கில்லிஸ் பெரிய மீசைக்காரர். கேள்விப்பட்டபடியே மைதானத்தில் நேராக என்னிடம் வந்தார். வணக்கம்கூடச் சொல்லாமல் என் கையைத் திருப்பிக் கட்டைவிரலால் உள்ளங்கையை அழுத்தினார். நான் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

"நேத்து ஆட்டமா?"

"இல்ல சார். இன்னிக்குக் காலைல கொஞ்சம் பழகினோம்."

"கொஞ்சம் பழகினதுக்கேவா?" அவர் பார்னியைப் பார்த்தார். பார்னி தூரத்தில் ஒரே இடத்தில் நிற்க முயன்று தோற்றுக்கொண்டிருந்தான். "நல்லது" என்று சொல்லிவிட்டு அரங்கில் போய் உட்கார்ந்தார்.

இனி எல்லாம் மட்டைக்காரர்கள் கையில் இருந்தது. மட்டை பிடிக்க வருபவன் முதலில் அம்பயரிடம் தனக்கு எந்தப் பந்து வேண்டும் என்று சொல்ல வேண்டும். உயரமா, தாழ்வா. உயரம் என்றால் இடுப்புக்கு மேலே தோள்வரை. தாழ்வு என்றால் இடுப்புக்குக் கீழே முழங்கால்வரை. கேட்ட இடத்தில் எறியாவிட்டால் அது தவறிய பந்து. ஆறு பந்து தவறினால் மட்டைக்காரன் அடிக்காமலேயே முதல் தளத்துக்கு நடந்து போகலாம். அங்கிருந்து இரண்டாவது, மூன்றாவது தளங்களைச் சுற்றி வந்து, எனக்கு முன்னால் இருக்கும் வீட்டுத்தட்டை மிதித்தால் ஓர் ஓட்டம். ஒருமுறை கேட்டுவிட்டால் அந்த முறை மாற்றிக் கேட்க முடியாது.

பார்னியிடம் இருந்தது தாழ்ந்த பந்து மட்டும். எனவே வருகிற எல்லாரையும் தாழ்வாகக் கேட்க வைப்பது என் வேலை.

முதலில் வந்தவன் குள்ளன். வேகமாக ஓடுபவன்.

"வா தம்பி. உயரமாத்தானே கேக்கப்போற? ஏணி கொண்டாந்திருக்கியா?"

"வாயை மூடு. அம்பயர், தாழ்வா!"

மூன்று பந்தும் சறுக்கி இறங்கின. அவன் மூன்று முறையும் காற்றை வெட்டிவிட்டு ஆட்டமிழந்து போனான்.

அடுத்தவன் பருமன்.

"அண்ணே, கூச்சப்படாம உயரமாவே கேளுங்க. குனிஞ்சா கால்சட்டை கிழிஞ்சிடும். அரங்கத்துல பொம்பளைங்க உக்காந்திருக்காங்க."

"யாருக்குடா குனிய முடியாது? தாழ்வா!"

அவன் அடித்த பந்து தரையில் உருண்டு பார்னியின் காலடிக்கே போனது. பருமன் போய்ச் சேர்வதற்குள் பார்னி அதை முதல் தளத்துக்கு உருட்டிவிட்டான். கூட்டம் சிரித்தது. அலட்சியம் என்று நினைத்தார்கள்.

இப்படியே போனது. ஒருவனிடம் அவன் அணியிலேயே தாழ்ந்த பந்தை அடிக்கத் தெரிந்தவன் எவனும் இல்லையாமே என்றேன். இன்னொருவனிடம், போன வாரம் ஒருவன் உயரமாகக் கேட்டுப் பல்லைப் பறிகொடுத்தான் என்றேன். எல்லாரும் தாழ்வாகவே கேட்டார்கள். ஐந்து இன்னிங்ஸ் அவர்களுக்கு ஒரு ஓட்டம்கூட இல்லை. எங்களுக்கு இரண்டு.

ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிந்ததும் பார்னி பெஞ்சுக்கு வருவான், உட்கார மாட்டான்.

"மச்சான், கில்லிஸ் சிரிக்கிறானா?"

"மீசை மறைக்குது மாப்ளே."

"முன்னால சாஞ்சு உக்காந்திருக்கானா, பின்னால சாஞ்சா?"

"முன்னால."

"முன்னாலயா? நல்லாப் பாத்தியா?" அவன் பெஞ்சின் அந்த முனைக்குப் போய்த் திரும்பி வந்தான். "கூட்டிட்டுப் போனான்னா அக்காவுக்கு நீலத் தட்டு ஒரு பெட்டி நிறைய வாங்கிக் குடுத்துடறேன். சொல்லிடு அவகிட்ட."

"நீயே சொல்லு. உக்காருடா முதல்ல."

அவன் உட்காரவில்லை.

ஆறாவது இன்னிங்ஸில் அவர்களுடைய கேப்டன் ரஸ்க் மட்டையோடு வந்தார். நரைத்த கிருதா. நிறைய வருடம் ஆடியவர். முதல் தடவை வந்தபோது நான் வாயைத் திறக்கும் முன்பே தாழ்வாகக் கேட்டிருந்தார்.

"வாங்க பெரியவரே. முதுகுவலி இருந்தா சொல்லுங்க, உயரமாவே போடச் சொல்றேன்."

அவர் சிரித்தார். மட்டையைத் தரையில் ஊன்றி நின்றார்.

"நல்லாப் பேசறே. எங்க பசங்க எல்லாரும் பஜனை மாதிரி ஒரே குரல்ல தாழ்வா தாழ்வாங்கறாங்களேன்னு பாத்தேன். எனக்கும் தாழ்வுதான் பிடிக்கும். ஆனா ஒவ்வொருத்தன் காதுலயும் நீ உயரம் உயரம்னு ஓதறே. உன் பிட்சருக்கு உயரப் பந்து நல்லா வரும்னா அதை ஏன் இப்படி ஊரைக் கூட்டிச் சொல்றே?" பிறகு திரும்பினார். "அம்பயர், உயரமா."

பார்னியின் காதில் அது விழுந்தது. பந்தை ஒரு முறை கால்சட்டையில் தேய்த்தான்.

முதல் பந்து வயிற்றுக்கு நேராகக் கிளம்பி, பழக்கப்படி சறுக்கி முழங்காலுக்கு இறங்கியது. தாழ்வாகக் கேட்டிருந்தால் அருமையான பந்து. அம்பயர் தவறு என்றார். அடுத்ததும் அப்படியே. ரஸ்க் மட்டையைத் தோளிலிருந்து எடுக்கவே இல்லை. ஆறாவது பந்துக்குப் பிறகு மட்டையைப் போட்டுவிட்டு முதல் தளத்துக்கு நிதானமாக நடந்தார். அங்கே நின்று தன் பெஞ்சைப் பார்த்துக் கத்தினார்.

"உயரமா கேளுங்கடா! எல்லாரும்!"

எல்லாரும் கேட்டார்கள். நான் பேசிப் பார்த்தேன். குள்ளன்கூட என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு உயரமாகக் கேட்டான். பார்னி, பிட்சர்கள் முன்பெல்லாம் எறிந்த முறையில், கையைக் கீழிருந்து வீசி, மேலே எழும்பும்படி எறிந்தான். ஒருவன் அதைத் தூக்கி அடித்துப் பிடிபட்டான். அடுத்தவனுக்கு அந்தப் பந்து நின்று நிதானமாகப் போய்ச் சேர்ந்தது. அவன் அடித்தது மைதானத்தின் இடக்கோடி வேலியில் மோதியது. ஓர் ஓட்டம் வந்தது. அடித்தவன் மூன்றாவது தளத்தில் நின்றான்.

பார்னி என்னிடம் நடந்து வந்தான்.

"மச்சான், வலக்கோடிப் பக்கம் மட்டும் பாக்காதே."

வலக்கோடியில் ஸ்டோக்ஸ் நின்றுகொண்டிருந்தான். எங்களுடைய இரண்டாவது பிட்சர். ஆட்டத்தின் நடுவே வெளியாளைக் கொண்டுவர விதி இடம் தராது, அடிபட்டால் ஒழிய. எனவே எல்லா அணிகளும் மாற்றுப் பிட்சரை வலக்கோடியில் நிறுத்தி வைக்கும். அங்கேதான் பந்து குறைவாகப் போகும். தேவைப்பட்டால் இருவரும் இடம் மாறிக்கொள்ளலாம். மாறச் சொல்ல வேண்டியது கேப்டன். எங்கள் கேப்டன் நான்.

"நான் எங்கயும் பாக்கல" என்றேன்.

"ஒரே ஒரு பந்து. தோளுக்கு மேல தூக்கிப் போடறேன்."

"வேண்டாம்டா."

"தூக்க முடியும் மச்சான். காலைல இருந்து வெச்சிருக்கேன் அதை."

அவன் திரும்பிப் போனான். இடது காலை முன்னால் வைத்து, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து, கையைத் தூக்கினான். கை தூக்கியது உடம்பு சாய்ந்ததால்தான். பந்து எனக்கு மேலே, மட்டைக்காரனுக்கு மேலே, யாருக்கும் எட்டாத உயரத்தில் போய்ப் பின்பக்கப் பலகையில் மோதியது. நான் ஓடிப் போய் எடுப்பதற்குள் மூன்றாவது தளத்தில் நின்றவன் வீட்டுத்தட்டை மிதித்துவிட்டான். திரும்பிப் பார்த்தபோது பார்னியின் தொப்பி தரையில் கிடந்தது. அவன் அதைக் குனிந்து இடக்கையால் எடுத்தான். வலக்கை சட்டைக்குள் யாரோ தொங்கவிட்டது போல் ஆடியது.

நான் வலக்கோடியைப் பார்த்துக் கையை உயர்த்தினேன்.

ஸ்டோக்ஸ் ஓடிவந்தான். பார்னி பந்தை அவனிடம் கொடுத்தான். என்னைக் கடந்து போக வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. இருந்தும் அருகில் வந்தான்.

"நீயா மச்சான்?" என்றான். கோபம் இல்லை. கேள்விதான். பிறகு வலக்கோடிக்கு நடந்தான்.

ஸ்டோக்ஸ் அந்த இன்னிங்ஸை முடித்தான். அவனுடைய பந்து என் கையில் நெல் அடித்த இடத்திலேயே விழுந்தது. அடுத்த இன்னிங்ஸில் ரஸ்க் தன் ஆட்களைக் கூட்டிவைத்து ஏதோ சொன்னார். பருமனான ஆள் மட்டையோடு வந்தபோது கால்களை வலப்பக்கம் திருப்பி நின்றான். எங்கே அடிக்கப் போகிறான் என்று மைதானம் முழுவதற்கும் தெரிந்தது. முதல் பந்தையே அந்தப் பக்கம் தட்டினான்.

பெரிய அடி அல்ல. புல்லில் குதித்துக் குதித்துப் போனது. பார்னி அதைச் சுலபமாகப் பிடித்தான். முதல் தளத்தைத் தாண்டிக்கொண்டிருந்த பருமன், பந்து யார் கையில் என்று பார்த்தான். நிற்காமல் ஓடினான். பார்னி இரண்டாவது தளத்துக்கு எறிய வேண்டும். அங்கே எங்கள் ஆள் கையை நீட்டிக் காத்திருந்தான்.

பார்னி எறியவில்லை. பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான்.

கூட்டத்துக்கு முதலில் புரியவில்லை. பிறகு யாரோ கத்தினார்கள்.

"தபால்காரன் வர்றான் டோய்!"

"நேர்லதான் குடுப்பான் போலிருக்கு!"

"மல்வே, குதிரை வண்டி வேணுமா?"

அவன் நன்றாக ஓடுபவன். வலக்கோடியிலிருந்து முதல் தளத்தை ஒட்டிக் குறுக்கே வந்தான். ஸ்டோக்ஸ் கையை நீட்டினான். அவனிடமும் கொடுக்கவில்லை. பருமன் மூன்றாவது தளத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். இருவரும் ஒரே இடத்தை நோக்கி இரண்டு பக்கத்திலிருந்து ஓடிவந்தார்கள். அந்த இடத்தில் நான் நின்றேன். ஒரு கணம் அவன் முந்திவிடுவான் என்றுகூட நினைத்தேன். பருமன் சறுக்கித் தட்டைத் தொட்டான். பார்னி அப்புறம்தான் வந்து சேர்ந்தான்.

பந்தை என் கையில் வைத்தான்.

"இந்தா" என்றான். மூச்சு வாங்கியது.

அரங்கம் சிரித்து முடிக்கவில்லை. ரஸ்க் பெஞ்சிலிருந்து அடுத்தவனை அனுப்பிக்கொண்டிருந்தார். அவனும் அந்தப் பக்கம்தான் அடிப்பான். பார்னியை இன்னும் இரண்டு முறை ஓடவிட்டுச் சிரிப்பார்கள். மூன்றாவது முறை அவன் எறியப் பார்ப்பான். அதற்குப் பிறகு அந்தக் கை ரொட்டித் துண்டைக்கூட எடுக்காது.

நான் அம்பயரிடம் போனேன்.

"என் ஆளுக்கு அடிபட்டிருக்கு. மாத்தணும்."

"இல்ல சார்" என்றான் பார்னி பின்னாலிருந்து. "எனக்கு ஒண்ணுமில்ல."

ரஸ்க் வந்துவிட்டார். "அவனே இல்லங்கறான். இப்பத்தானே குதிரை மாதிரி ஓடிவந்தான்?"

அம்பயர் கறுப்புக் கோட்டு போட்ட வயதானவர். இரண்டு பக்கமும் பார்த்தார்.

"கேப்டன் சொன்னாருன்னு மாத்த முடியாதுப்பா. போன வாரம் ஒருத்தன் அய்யோ கால் அய்யோ கால்னான். சாயங்காலம் நாட்டியத்துல என் பொண்ணு காலை மிதிச்சுக்கிட்டிருந்தான்." பார்னியிடம் திரும்பினார். "நான் கண்ணால பாக்கணும். கையைத் தூக்கு, மல்வே."

"எந்தக் கையை சார்?"

"எறியற கையை."

பார்னி என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்.

"மச்சான், வேண்டாம்னு சொல்லிடு. கில்லிஸ் பாத்துக்கிட்டிருக்கான். நான் வலக்கோடிலயே நிக்கறேன். அசையாம நிக்கறேன். சத்தியமா."

அவன் நின்று நான் பார்த்ததில்லை. கில்லிஸ் மடியில் இருந்த தொப்பியை எடுத்துக் கையில் வைத்திருந்தார்.

"தூக்கு மாப்ளே" என்றேன்.

"தூக்கிட்டேன்னா என்னை மாத்த மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க."

"அப்ப சரி."

அவன் கால்களை அகட்டி வைத்துக்கொண்டான். அரங்கத்தைப் பார்த்துத் திரும்பி நின்றான். அம்பயருக்காக அல்ல. கை வயிறுவரை சுலபமாக வந்தது. மார்புவரை வந்தபோது முழங்கை நடுங்க ஆரம்பித்தது. அங்கே நின்றது. கேலி செய்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ரஸ்க் தரையைப் பார்த்தார்.

"எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றார்.

"போதும்" என்றார் அம்பயர். "ஆளை மாத்திக்கலாம்."

நான் நுழைவாயிலைப் பார்த்துக் கையசைத்தேன். அங்கே டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த எங்கள் மாற்று ஆள் கோட்டைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்தான். கோட்டுக்குள் அணியின் சட்டையைப் போட்டிருந்தான். அரங்கில் கில்லிஸ் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"போதும், மல்வே. கையை இறக்கு" என்றார் அம்பயர் மறுபடியும்.

பார்னி இறக்கவில்லை. நெற்றியில் நரம்பு புடைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். மாற்று ஆள் அவனைத் தாண்டி வலக்கோடிக்கு ஓடினான். பார்னியின் கை இன்னும் ஒரு விரலளவு ஏறியது.